மஞ்சள் தாளில் இல்லாத பிள்ளை

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அங்கே நடந்த மூன்று கல்யாணங்கள் அடுத்தடுத்து முறிந்துபோய், ராசியில்லாத மண்டபம் என்று பேராகி, வாழைமரம் கட்ட ஒருத்தரும் வராமல் கிடந்ததை, ஜெர்மனிக்கு நர்சுகளை அனுப்புகிற கம்பெனி ஒன்று மொத்தமாக வாடகைக்குப் பிடித்தது. மாப்பிள்ளை அறையில் பதினாறு பேர், மணப்பெண் அறையில் பதினைந்து பேர் என்று பாய் விரித்துத் தங்கவைத்து, மாடியில் பந்தி போடுகிற கூடத்தில் கரும்பலகை மாட்டி, காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை தமிழில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டி, ஜெர்மன் வகுப்பு நடத்தினார்கள். சேர்ந்த அன்றைக்கே எல்லோருடைய சான்றிதழ்களையும் அசலாக வாங்கி மேனேஜர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். செல்போன்களும் அதே பீரோவில்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஆளுக்குப் பத்து நிமிஷம் கைக்கு வரும். வாசல் கதவு என்னவோ பகல் முழுக்கத் திறந்தேதான் கிடந்தது. ஆனால் சான்றிதழ் இல்லாத நர்சு எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பாள், அதனால் யாரும் அந்தக் கதவுப் பக்கம் போகவில்லை.

வகுப்பு முடிவில் வைக்கிற ஜெர்மன் தேர்வில் முதல் மூன்று நிமிஷம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அதற்காகப் பாடம் எடுக்கிற ஹெப்சி மிஸ் ஒரு வேலை செய்தார். அவர் ஆறு வருஷம் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், நல்ல மனுஷி, பிள்ளைகள் தேறிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவர். ஒரு மஞ்சள் தாளில் ஏழே ஏழு வாக்கியம் எழுதி, முப்பத்தொரு நகல் எடுத்து, முப்பத்தொரு பேருக்கும் கொடுத்தார். என் பெயர் இன்னது. எனக்கு வயது இருபத்தாறு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன நாய் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் நான் நீந்துவேன். எனக்குப் பனி பிடிக்கும். இவ்வளவுதான். பெயர் மட்டும் அவரவர் பெயர், மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொது. பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லப்போனால் வாய் குழறும், வாய் குழறினால் மார்க் போகும், எதற்கு வம்பு என்றார் மிஸ்.

தினமும் காலையில் கீழே மணமேடையில், மாப்பிள்ளை பெண் உட்காருகிற அந்தச் சிவப்பு நாற்காலிகளுக்கு முன்னால் ஒவ்வொருத்தராக ஏறி நின்று இந்த ஏழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். வெறுமே ஒப்பித்தால் மிஸ் விடமாட்டார். முகத்தில் உயிர் வேண்டும், மனசாரச் சொல்ல வேண்டும், கிளிப்பிள்ளை மாதிரி சொன்னால் கேட்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். கண்ணாடி முன்னால் நின்றும் பழகச் சொன்னார். பழகினார்கள்.

மாரிச்செல்விக்கு விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டு ஊர். வயது முப்பத்தொன்று. கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துகொண்டான். ஆறு வயதில் ஒரு மகள், ஜோசியக்காரர் எழுத்துக் கணக்குப் பார்த்து தக்ஷிதா என்று பேர் வைத்தார், ஊர் வாயில் அது தச்சுவாகிவிட்டது. பிள்ளையைக் கூடப்பிறந்த அக்கா சண்முகக்கனியிடம் விட்டுவிட்டு, விண்ணப்பத்தில் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் மாரிச்செல்வி இங்கே வந்திருந்தாள். அப்படி எழுதாவிட்டால் எடுக்கமாட்டார்கள் என்று புரோக்கர் சொன்னான். அது ஒரு பொய், வயிற்றுப்பாட்டுக்காகச் சொன்ன பொய், அதற்காக அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மணமேடையில் ஏறி நின்று நாலாவது வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் விஷயம். ஊரில் அவள் வாழாவெட்டி. குழாயடியில் நின்றால் வாழாவெட்டி, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தால் வாழாவெட்டி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டால்கூட அந்தப் பிள்ளைக்கு நல்ல கை, பாவம் வாழத்தான் கொடுத்துவைக்கவில்லை என்பார்கள். இந்தப் புதுப் பாஷையில் அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாது, அதனால் அந்தப் பாஷையில் அவள் அப்படிப்பட்டவளாகவும் இல்லை. அதில் அவளுக்கு வயது இருபத்தாறு, ஊர் இல்லை, தெரு இல்லை, புருஷன் இல்லை, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை இல்லை. பிள்ளை இல்லை என்று சொல்லும்போது இடுப்பிலிருந்து தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்ததுபோல இருக்கும், ஒரு மூச்சு தாராளமாக உள்ளே போகும், சிரிப்பு தானாக வரும். பார்த்தீர்களா, இவள் எப்படிச் சொல்கிறாள், இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஹெப்சி மிஸ் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஆடி மாதத்தில் நாய்கள் வந்தன. ஒரே திங்கள்கிழமை, வகுப்பில் படிக்கிறவர்களில் அரியலூரில் ஒருத்தி வீட்டுக்கும் கம்பத்தில் ஒருத்தி வீட்டுக்கும் மணப்பாறையில் மூன்று பேர் வீடுகளுக்கும், பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன நாய் வந்து வாசலில் படுத்தது. விரட்டினால் போகவில்லை, சோறு வைத்தால் தின்றது, ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட நாய் சேதியை எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். காவிரிக்கரை முக்கொம்புக்குக் கூட்டிப்போன அன்றைக்குத் தண்ணீர் என்றாலே நடுங்குகிற ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி கால் வழுக்கி விழுந்து, அக்கரைவரை நீந்திப் போய்த் திரும்பி வந்து துப்பட்டாவைப் பிழிந்தாள். மாரிச்செல்விக்குக் காதோரம் இருந்த நரை கறுத்துவிட்டது. ஊரில் அவள் கல்யாணப் பத்திரிகை டிரங்குப் பெட்டியில் எழுத்தெல்லாம் போய் வெறும் காகிதமாகிவிட்டதாக அக்கா சொன்னாள், அதற்காக யாரும் அழவில்லை. ஹெப்சி மிஸ் இதையெல்லாம் கேட்டுவிட்டு, நன்றாகப் படித்தால் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த பாடத்தை எடுத்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வேறு சேதி சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம், கையில் பிள்ளையின் தலை இருக்கிறது, சோப்பு நுரை இருக்கிறது, பிள்ளையைக் காணோம். கண்ணு எரியுது பெரியம்மா என்று சத்தம் மட்டும் வருகிறது. துவட்டி, பாவாடை சட்டை போட்டுவிட்டால் பாவாடை சட்டையும் காணாமல் போகிறது. தூக்கினால் கனம் இருக்கிறதா என்று மாரிச்செல்வி கேட்டாள். அரிசி மூட்டை கனம் இருக்கு, அதுக்கெல்லாம் குறைச்சல் இல்லை என்றாள் அக்கா. பத்து நிமிஷம் முடிந்துவிட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊருக்கு எப்போதும் செய்வதற்கு வேலை இருக்கிறது, அதனால் சீக்கிரமாகவே எடுத்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் விபூதி போட்டார்கள், மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளேன் டீச்சர் என்று காலி இடத்திலிருந்து பதில் வந்ததும், வந்ததற்குக் கோடு போடுவதா வராததற்குச் சுழி போடுவதா என்று சற்று யோசித்துவிட்டு, வந்ததாகவே குறித்துக்கொண்டார். சத்துணவு ஆயா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, சோறு குறைகிற பக்கமாகப் பார்த்து முட்டையை வைத்தார். பஸ் டிரைவர் பிள்ளை ஏறட்டும் என்று அந்த நிறுத்தத்தில் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆட்டத்தில் தச்சுவைச் சேர்க்கமாட்டோம் என்று சண்டை போட்டு, பிறகு எப்போதும் அவள்தான் கண்ணைப் பொத்த வேண்டும் என்று சமாதானமானார்கள். அக்கா ஒரு ஜோடி கொலுசு வாங்கி, முத்து அதிகமாக வைத்துக் கட்டச் சொல்லிப் போட்டுவிட்டாள், அந்தச் சத்தம் வருகிற பக்கம் பார்த்து ஜனங்கள் பேசினார்கள். கண்ணுபடாம வளரும், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தெருப் பொம்பளைகள் ஆறுதல் சொன்னார்கள். ஒரு மாதத்தில், பிள்ளை ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது என்பதுதான் ஊருக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

புரட்டாசியில் கொலுசுச் சத்தம் மெலிந்தது. பக்கத்தில் வந்து நின்றால்தான் கேட்கிறது, அப்புறம் குரலும் அப்படியே, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அந்த வாரம் மாரிச்செல்வி போனில் தச்சு எங்கே என்று கேட்டபோது, அக்கா, யாரைக் கேக்க என்றாள். பிறகு ஐயையோ, ஆமா, இந்தா, இங்கனதான் எங்கயோ இருக்கு என்று பதறினாள். கண்ணை விட்டுப் போயிற்று, காதை விட்டுப் போகிறது, அடுத்தது நினைப்பை விட்டுப் போகப்போகிறது என்று மாரிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது.

மேனேஜரிடம் போனாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சான்றிதழைக் கொடுங்கள், படிப்பே வேண்டாம், போய்விடுகிறேன் என்றாள். அவர் கோபக்காரர் இல்லை. நிதானமாகப் பீரோவைத் திறந்து, அவள் கோப்பை எடுத்து, அவள் கையாலே எழுதின விண்ணப்பத்தை விரித்துக் காட்டி, பிள்ளை இல்லை என்றல்லவா போட்டிருக்கிறீர்கள், இல்லாத பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நான் மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்று உண்மையாகவே கேட்டார். பிறகு கோப்பை உள்ளே வைத்துப் பூட்டினார். மார்கழியில் தேர்வு, தேறினால் அன்றைக்கே எல்லாம் கைக்கு வந்துவிடும், மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் மணமேடையில் ஏறி நின்று நாலாவது வாக்கியத்தை மாற்றிச் சொன்னாள், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று. மிஸ் திருத்தினார். அதற்கடுத்த நாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கேட்டால் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வாக்கியத்தை அவள் பயந்துகொண்டு சொன்னாள், மருந்துச் சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னாள், அந்தப் பாஷையில் அந்தப் பிள்ளையை அவள் ஒரு நாளும் தூக்கி வைத்திருந்ததில்லை.

அவளுக்கு அடுத்த பாயில் படுக்கிறவள் பாண்டீஸ்வரி, உசிலம்பட்டிக்காரி, அவளும் இரண்டு பையன்களை மறைத்துவிட்டு வந்தவள்தான். அவள் வீட்டுக்கு நாய் வரவில்லை, அவளுக்கு நீச்சலும் வரவில்லை, ஏழு வாக்கியத்தையும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகத்தோடு சொல்லிவிட்டு இறங்கி, மிஸ்ஸிடம் தினமும் திட்டு வாங்குகிறவள். துணி துவைக்கிற இடத்தில் மாரிச்செல்வி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதாள். பாண்டீஸ்வரி முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சோப்பைக் கீழே வைத்தாள்.

“இந்தா பாரு மாரி, நானுந்தேன் தெனமும் பிள்ளை இல்லைன்னு சொல்றேன். எம் பயலுக ரெண்டு பேரும் கல்லாட்டம் இருக்கானுக, முந்தாநாளு ஒருத்தன் மண்டைய ஒருத்தன் ஒடைச்சிருக்கான். நீ எப்படித்தா சொன்ன?”

மாரிச்செல்வி கீழே வைத்த சோப்பை எடுத்துத் துணிக்குப் போட்டாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது, எப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும், பாண்டீஸ்வரிக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க மாரிச்செல்வி சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னமும் அந்தச் சந்தோஷம் சாகாமல் கிடந்ததுதான் அதைவிட வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் விட்டார்கள். ஊருக்குப் போனாள். அக்கா மூன்று தட்டு எடுத்து வைக்காமல் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள், கேட்டால் நெற்றியில் அடித்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள். மாரிச்செல்வி அடுப்படி நிலையருகே தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தச்சு என்று கூப்பிட்டாள். சற்று நேரம் கழித்து மடியில் கனம் வந்து உட்கார்ந்தது. நல்ல கனம். மார்பில் ஒரு தலை சாய்ந்தது, கொசு பாடுகிற அளவுக்கு ஒரு குரல் கேட்டது.

“யம்மா, நான் இங்கனதான் இருக்கேன். எல்லாருக்கும் கண்ணு கெட்டுப்போச்சா?”

அவள் கையால் பார்த்தாள். தலைக்குள் விரலை விட்டால் பேன், கொத்துக் கொத்தாக ஈர், பார்க்க முடியாத தலையை யார் சீவுவார்கள். மேல்பல் ஒன்று ஆடுகிறது, நாக்கால் தள்ளித் தள்ளி ஆட்டிக்கொண்டே இருக்கிறது. முழங்காலில் பொருக்குத் தட்டின புண், அதைப் பிய்த்துப் பிய்த்துத் திரும்ப ரத்தம். கையை எடு சனியனே, சீழ் வைக்கும் என்று அதட்டினாள், விரலில் ஒன்று போட்டாள், பிள்ளை சிரித்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளையை அவள் வைத்திருப்பதெல்லாம் இந்த மாதிரி அதட்டலில்தான், திட்டில்தான், பேன் பார்க்கிறதில்தான், அந்தப் பாஷையில் அவளுக்கு அதட்டத் தெரியாது, திட்டத் தெரியாது, ஏழு வாக்கியம் மரியாதையாகப் பேசத்தான் தெரியும். ஊரிலேயே இருந்துவிடு என்று அக்கா சொன்னாள். அங்கே சொன்னதை அங்கேதான் போய் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று அவள் பஸ் ஏறினாள்.

வந்த மறுநாளே ஹெப்சி மிஸ்ஸிடம் போய்ப் பேனுக்கு என்ன வார்த்தை என்று கேட்டாள். அதெல்லாம் பாடத்தில் இல்லையே என்றார் மிஸ். ஆனாலும் முதியோர் இல்லத்தில் பார்த்த அனுபவத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது, சொன்னார். ஈர், பொருக்கு, ஆடுகிற பல், பிய்க்காதே, கையை எடு, எத்தனை தடவை சொல்வது, எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். மணமேடையில் ஏறி நின்று, மஞ்சள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு மகள் ஒன்று, அவள் தலையில் பேன், நிறையப் பேன், நான் கோபம் என்று தப்பும் தவறுமாகச் சொன்னாள். கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சீப்பைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, அந்தக் கூடத்தையே அந்தத் தலையாக நினைத்து, அசையாதே, அசைந்தால் அடி என்று அந்தப் பாஷையில் அதட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மூச்சு வாங்கச் சொன்னாள், ஏட்டி, முடி வந்துட்டு என்று. தெருவில் ஒரு பிள்ளை உயரத்தில் வெறும் தலைமுடி ஓடுகிறதாம். ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. சத்துணவு ஆயா அந்த முடியைப் பிடித்து உட்கார வைத்து, வேப்பெண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து இரட்டைச் சடை போட்டுவிட்டார். அடுத்த வாரம் பல் வந்தது, சடைக்குக் கீழே ஆடிக்கொண்டு. பிறகு முழங்கால். முழங்காலைப் பார்த்ததும் டீச்சர், பொருக்கைப் பிய்த்தாயா என்று அதட்டினார். மாரிச்செல்வி தினமும் ஒன்று சொன்னாள், ஒன்று சொல்ல நாலு வார்த்தை கேட்டாள். கத்தரிக்காயைத் தட்டுக்கு அடியில் ஒளிக்கிற கை, மூக்கொழுகினால் துடைக்கிற புறங்கை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது, பொய் சொன்னால் சிவக்கிற காது. பிடரியில் இருக்கிற மச்சத்துக்கு வார்த்தை கிடைக்கிறவரை பிடரி வரவில்லை. குரலுக்காக, அந்தக் குரல் எப்படிக் காலையில் கரகரவென்று இருக்கும் என்று சொல்ல ஒரு வாரம் பிடித்தது. ஊரில் அவரவர் தங்களுக்குத் தெரிந்த துண்டைப் பார்த்துப் பேசினார்கள், இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று குழாயடியில் விசாரித்தார்கள், கடைசியில் மார்கழி முதல் வாரத்தில் பிள்ளை முழுசாகத் தெருவில் நின்றபோது, வந்துட்டியா, போ போ, தண்ணி லாரிக்கு வழிவிடு என்று சொன்னார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகிட்டக் குடுக்கா என்றாள். காலையில் கரகரக்கிற அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

“நீங்க யாரு பேசுறீங்க?”

அக்கா போனை வாங்கிச் சமாளித்தாள். உன்னைய டீச்சர்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா, வேற ஒண்ணும் இல்ல, கையி காலு எல்லாம் நல்லா இருக்கு, வேளைக்குச் சாப்புடுதா, சரியாயிரும் என்றாள். மாரிச்செல்விக்கு விஷயம் விளங்கியது. ஒரு பிள்ளையைப் பற்றி அவள் எல்லாம் சொல்லிவிட்டாள், அதன் தலை முதல் கால் வரை சொல்லி வரவழைத்துவிட்டாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கான வார்த்தைகள் முதல் பாடத்திலேயே இருந்தன, யாரையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. மறுநாள் மணமேடையில் ஏறி, நான் அவள் அம்மா என்று சொன்னாள். ஒரு பிழையும் இல்லை என்று மிஸ் பாராட்டினார். பிழையில்லாமல் சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த இருபத்தாறு வயதுக்காரி, பிள்ளை இல்லாதவள், நீந்துகிறவள், பனியைப் பார்க்கக் காத்திருக்கிறவள், அவள் உள்ளேயே நின்றுகொண்டு வழியை விடமாட்டேன் என்கிறாள். அவள் பொய்யும் இல்லை. இத்தனை மாதமாக அவள்தான் இந்த மண்டபத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சென்னையில் தேர்வு. முந்தின நாள் மேனேஜர் எல்லோரையும் உட்கார வைத்து, விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வாயிலும் வர வேண்டும், மாறினால் அங்கே வேலைக்கு எடுக்கிறவர்கள் எடுக்கமாட்டார்கள், பீரோவும் திறக்காது என்று சொன்னார். சொல்லும்போது மாரிச்செல்வியைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். ஹெப்சி மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏழு வாக்கியம் மட்டும் சொல்லிரும்மா, மூணு நிமிஷம், அப்புறம் உன் பிள்ளை உனக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மூணு நிமிஷத்தில் பிள்ளை மறுபடி போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டதும் மிஸ் பிடித்திருந்த கையை விட்டார்.

தேர்வு அறையில் ஒரு மேஜை, இரண்டு பேர். ஒருவர் நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த வெள்ளைக்கார அம்மா, இன்னொருவர் தாளில் குறித்துக்கொண்டிருந்த நம்மூர்க்காரர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பெயரைச் சொன்னாள். வயது முப்பத்தொன்று என்றாள். அதற்கப்புறம் மீதி ஐந்து வாக்கியமும் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன, கொஞ்சம் வாயைத் திறந்தால் போதும், சிரிப்போடு வெளியே போய்விடும், பீரோ திறக்கும், விமானம் ஏறலாம். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நிற்கிறவளைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது என்று தெரிந்து, அவளையும் கூட்டிக்கொண்டே பேசினாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன.

“எனக்கு மகள் ஒன்று. பிள்ளை இல்லை என்று நான் சொன்னேன். தினமும் சொன்னேன். சொல்லும்போது சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம். அவள் காணாமல் போனாள். நான் அவள் அம்மா.”

நம்மூர்க்காரர் எழுதுவதை நிறுத்தினார். வெள்ளைக்கார அம்மா மெதுவாக, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். என் அக்கா, நான் இல்லை என்றாள். மீதி நிமிஷமெல்லாம் அழுகையில் போயிற்று.

சனிக்கிழமையே முடிவு வந்தது, முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் தேறினார்கள். பாண்டீஸ்வரிகூடத் தேறிவிட்டாள், முகத்தில் உயிர் இல்லாமலே. மேனேஜர் பீரோவைத் திறந்து ஒவ்வொருவர் கோப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டு, மூன்று கோப்புகளை உள்ளேயே வைத்துப் பூட்டினார். மாரிச்செல்வியை அடுத்த அணியில் போட்டார்கள், புது விண்ணப்பம் தந்தார்கள், புது மஞ்சள் தாளும் தந்தார்கள், இன்னும் எட்டு மாதம். மாப்பிள்ளை அறை காலியாகி, ஒரே ஒரு பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. புதுப் பெண்கள் திங்கள்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்து நிமிஷம். தோற்ற மற்ற இரண்டு பேரும் பின்னால் வரிசையில் நின்றார்கள். அக்கா எடுத்தாள், எடுத்த கையோடு, ஏட்டி, வெள்ளிக்கிழமையிலருந்து உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா, இந்தா என்று கொடுத்தாள்.

“யம்மா,” என்றது பிள்ளை.

மாரிச்செல்வி சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். யாத்தா, எங்கண்ணு, சாப்ட்டியா என்று என்னென்னவோ சொன்னாள். பிள்ளை ஒரு கேள்வியை இரண்டு நாளாக வைத்துக்கொண்டு காத்திருந்தது.

“நான் இல்லைன்னு சொன்னப்ப, உனக்கு சந்தோசமாவாம்மா இருந்துச்சு?”

இல்லை என்று சொல்லிவிடலாம். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள், தமிழில் அதைச் சொல்வது சுலபம், பிள்ளையும் நம்பிவிடும். இல்லை என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு பிள்ளையைத் தொலைத்திருந்தாள்.

“ஆமாத்தா,” என்றாள்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிடவில்லை, கொலுசு ஒரு தடவை அசைந்தது, மூச்சு விடுவது கேட்டது. பின்னால் நிற்கிறவள் நேரமாகிவிட்டது என்று தோளைத் தொட்டாள். மாரிச்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பிள்ளை அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.